விலங்குக்கு ஓர் அமைச்சகம், மனிதருக்கு ஓர் அமைச்சகம்: இடையில் நுழையும் வைரஸ்

புது தில்லி: காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் அது வனத்துறையின் கணக்கு. பண்ணையில் கோழி செத்தால் அது கால்நடைப் பராமரிப்புத் துறையின் கணக்கு. வீட்டில் ஒருவர் காய்ச்சலில் இறந்தால் அது சுகாதாரத் துறையின் கணக்கு. வெவ்வேறு பேரேடுகளில் பதிவாகும் இந்த மரணங்களுக்கு ஒரே வைரஸ் காரணமாக இருக்கக்கூடும் என்பதை இந்தியாவுக்கு அழுத்தமாக உணர்த்தியது 1957-ம் ஆண்டு. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. பேரேடுகள் இன்னும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

மனிதரைத் தாக்கும் தொற்றுநோய்க் கிருமிகளில் ஏறத்தாழ 60 சதவீதம் விலங்குகளிடமும் காணப்படுபவை. புதிதாகத் தலைதூக்கும் நோய்களில் இந்தப் பங்கு சுமார் 75 சதவீதம் என்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டுள்ளனர். அப்படியானால், மனிதருக்கு வரப்போகும் ஆபத்தைப் பல நேரங்களில் விலங்குகளின் சாவே முன்கூட்டி அறிவிக்கிறது என்று பொருள். அந்த அறிவிப்பை யார் காதில் வாங்குவது, வாங்கியவர் யாரிடம் சொல்வது, சொன்னவருக்கு என்ன கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளுக்குள் இந்தப் பிரச்னை முழுவதும் அடங்கிவிடுகிறது.

குரங்குகள் தந்த எச்சரிக்கை

கர்நாடக மாநிலம் ஷிமோகா மாவட்டத்தில் சொரபா தாலுகாவில் உள்ளது கியாசனூர் காடு. 1957-ம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கு குரங்குகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. அதே சமயத்தில் காட்டை ஒட்டிய கிராமங்களில் கடும் காய்ச்சலும் ரத்தக் கசிவும் கண்டு மக்கள் படுக்கையில் விழுந்தனர். இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கிராமத்தினரே முதலில் கண்டுகொண்டு, அதற்குக் "குரங்கு நோய்" என்று கன்னடத்தில் பெயரும் சூட்டினர்.

குரங்குகளும் மனிதர்களும் ஒன்றாக மடிவதைக் கண்ட மருத்துவ உலகம், ஆப்பிரிக்காவின் மஞ்சள் காய்ச்சல் ஆசியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்று அஞ்சியது. புணேயில் 1952-ல் தொடங்கப்பட்ட வைரஸ் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் காட்டுக்குள் சென்று, செத்த குரங்குகளிலிருந்தும் நோயாளிகளிடமிருந்தும் மாதிரிகளைச் சேகரித்தனர். அவர்கள் கண்டது மஞ்சள் காய்ச்சலை அல்ல. ரஷிய நாட்டுக் காடுகளில் உண்ணிகளால் பரவும் மூளைக் காய்ச்சல் வைரஸுக்கு உறவான ஒரு புதிய வைரஸை. அது காட்டின் பெயராலேயே "கியாசனூர் காட்டு நோய்" என்று அழைக்கப்படுகிறது.

இந்த வைரஸ் சிறு பாலூட்டிகளுக்கும் உண்ணிகளுக்கும் இடையே ஓசையின்றிச் சுற்றி வருகிறது. உண்ணி கடித்துக் குரங்கு நோயுற்று இறந்ததும், அதன் உடலில் இருந்த உண்ணிகள் கீழே உதிர்கின்றன. குரங்கு செத்த இடமே நோயின் களமாகிவிடுகிறது. விறகு பொறுக்கவும், சருகு கூட்டவும், மாடு மேய்க்கவும் அவ்வழியே செல்பவரை அந்த உண்ணிகள் கடிக்கின்றன. மாட்டுக்கு இந்த நோயால் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால், முதிர்ந்த உண்ணிகள் மாட்டின் ரத்தத்தைக் குடித்துத்தான் பெருகுகின்றன. மனிதரிடமிருந்து இன்னொரு மனிதருக்கு இது பரவுவதில்லை. நோயுற்றவர்களில் 100-க்கு 3 முதல் 10 பேர் வரை உயிரிழக்கின்றனர்.

குரங்கு, உண்ணி, மாடு, மனிதர், காடு என ஐந்தும் பின்னிய சங்கிலி இது. காட்டை வெட்டும்போது சங்கிலி இறுகுகிறது. 1982-83-ல் தென் கன்னட மாவட்டம் பெல்தங்கடி பகுதியில் முந்திரித் தோட்டத்துக்காகக் காடு அழிக்கப்பட்டதை அடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். நீண்ட காலம் கர்நாடகத்தின் சில தாலுகாக்களுக்குள் அடங்கியிருந்த நோய், 2012-க்குப் பின் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் என மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் தென்பட்டது. 2018-19-ல் சாகர் தாலுகாவின் அரளகோடு கிராமப் பகுதியில் மீண்டும் உயிர்கள் பறிபோயின.

தாவுவது எப்படி?

எல்லா விலங்கு வைரஸும் மனிதரைத் தாக்குவதில்லை. 2019-ல் ஒடிசாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, 2022-ல் ராஜஸ்தான், குஜராத் உள்ளிட்ட மாநிலங்களைச் சூறையாடிய "லம்பி" என்னும் தோல் கழலை நோய், ஒரு லட்சத்துக்கும் அதிகமான மாடுகளைக் கொன்றது. ஆனால், அதனால் மனிதருக்குத் தொற்று இல்லை. அந்த நோய் கொன்றது வாழ்வாதாரத்தை மட்டுமே.

வைரஸ் தானாகப் பெருக முடியாது. ஓர் உயிரணுவுக்குள் நுழைந்து, அந்த அணுவின் இயக்கத்தைத் தன்வசப்படுத்திக்கொண்டுதான் அது தன் நகல்களை உருவாக்குகிறது. நுழைவதற்கு அணுவின் மேற்பரப்பில் பொருத்தமான பூட்டு வேண்டும். வைரஸிடம் அதற்கேற்ற சாவி வேண்டும். பறவைக் காய்ச்சல் வைரஸின் சாவி, பறவைகளின் குடலிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள பூட்டுக்கு ஏற்றது. மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் இருப்பது வேறு வகைப் பூட்டு. பறவையின் பூட்டை ஒத்தது நுரையீரலின் ஆழத்தில்தான் மிகுதி. எனவேதான் எச்5என்1 வைரஸ் மனிதரை எளிதில் தொற்றுவதில்லை. தொற்றினால் நுரையீரலைக் கடுமையாகத் தாக்குகிறது. இருமல், தும்மல் வழியே இன்னொருவருக்குப் பரவுவதும் அரிதாக இருக்கிறது. 2003-க்குப் பின் உலகெங்கும் இந்த வைரஸ் தாக்கியதாக உறுதி செய்யப்பட்ட மனிதர்கள் 900-க்கும் அதிகம். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் உயிரிழந்தனர்.

இந்த நிலை மாறாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இன்ஃப்ளூயென்சா வைரஸின் மரபுப் பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே பன்றியையோ ஒரே மனிதரையோ இருவேறு வைரஸ்கள் ஒரே நேரத்தில் தொற்றினால், அத்துண்டுகள் சீட்டுக்கட்டுப்போலக் கலைந்து புதிய வைரஸ் உருவாகலாம். தவிர, நகலெடுக்கும்போது நேரும் பிழைகளை இவ்வகை வைரஸ் திருத்திக்கொள்வதில்லை. பிழைகளில் பெரும்பாலானவை அதற்கே பயன்படாதவை. எப்போதாவது ஒன்று புதிய சாவியாக அமைந்துவிடுகிறது. விலங்குகளிடையே நோய் எவ்வளவு காலம் கட்டுப்பாடின்றிப் பரவுகிறதோ, அவ்வளவுக்கு அந்த வாய்ப்பும் கூடுகிறது. கோழிப் பண்ணையில் ஒரு நாள் தாமதம் என்பது சுகாதாரத் துறைக்கும் உரிய கவலையாவது இதனால்தான்.

சிலிகுரியும் கோழிக்கோடும்

தாமதத்தின் விலை என்ன என்பதற்கு நிபா வைரஸின் இந்திய வரலாறு சான்று. 1998-99-ல் மலேசியாவில் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதருக்கும் பரவிய இந்த வைரஸ் அங்கு 105 பேரைப் பலி கொண்டது. பத்து லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன.

2001 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் இனம் தெரியாத காய்ச்சல் பரவியது. நோயுற்ற 66 பேரில் 45 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை ஊழியர்கள் அல்லது நோயாளிகளைக் காணச் சென்றவர்கள். காப்பாற்ற வேண்டிய இடமே நோயைப் பரப்பும் இடமாயிற்று. என்ன நோய் என்று தெரியாததால் எப்படிப் பாதுகாத்துக்கொள்வது என்பதும் தெரியவில்லை. அது நிபா வைரஸ்தான் என்பதை உறுதிசெய்யும் ஆய்வுக் கட்டுரை வெளியானது 2006-ம் ஆண்டில். இடையே ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பகுதியில் அதே வைரஸ் தோன்றியது. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மரணம் நேர்ந்ததைக் கண்டு மருத்துவர்கள் சந்தேகம் கொண்டனர். மாதிரிகள் மணிப்பாலுக்கும் புணேவுக்கும் அனுப்பப்பட்டன. சில நாள்களிலேயே நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. ஆய்வகத்தில் உறுதியான 18 பேரில் 16 பேர் இறந்தனர். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த ஒரு செவிலியும் அவர்களில் ஒருவர். இந்த வைரஸின் கொடுமை சற்றும் குறைந்திருக்கவில்லை. ஆனால், நோயாளிகளுடன் தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்தியதால் மலபார் பகுதி முழுவதும் பரவியிருக்கக்கூடிய நோய் ஒரு மாதத்துக்குள் அடங்கியது. 2019, 2021, 2023, 2024-ம் ஆண்டுகளில் கேரளத்தில் நிபா மீண்டும் மீண்டும் தலைகாட்டியபோது அது விரைவில் இனம் காணப்பட்டதற்கு 2018-ன் அனுபவமே காரணம்.

கோழிக்கோட்டிலும் ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. முதலில் பிடிக்கப்பட்ட வௌவால்களின் மாதிரிகளும் பன்றிகள் உள்ளிட்ட வளர்ப்பு விலங்குகளின் மாதிரிகளும் போபால் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. எதிலும் வைரஸ் இல்லை என்று முடிவு வந்தது. "வௌவால் காரணமல்ல" என்று செய்தி பரவியது. உண்மையில், முதலில் பிடிக்கப்பட்டவை பூச்சி தின்னும் வௌவால்கள். பின்னர் பழந்தின்னி வௌவால்களைப் பிடித்துப் புணே ஆய்வகம் சோதித்தபோது அவற்றில் சிலவற்றில் நிபா வைரஸ் இருப்பது தெரிந்தது. எந்த விலங்கைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவரும், எந்த நோயைத் தேட வேண்டும் என்று தெரிந்தவரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து செயல்பட்டிருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடம் இருந்திருக்காது.

சொன்னவருக்கு நஷ்டம்

ஆய்வகங்கள் எவ்வளவு விரைந்து செயல்பட்டாலும் முதல் தகவல் கிராமத்திலிருந்துதான் வர வேண்டும். அங்குதான் பெரிய முட்டுக்கட்டை உள்ளது.

மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்தில், குஜராத் எல்லையை ஒட்டி அமைந்த ஊர் நவாப்பூர். 2006 பிப்ரவரி 18 அன்று இந்தியாவில் முதன்முறையாகப் பறவைக் காய்ச்சல் அங்கு உறுதி செய்யப்பட்டது. அதற்கு முன்பே பண்ணைகளில் கோழிகள் சாகத் தொடங்கியிருந்தன. அது வழக்கமான வெள்ளைக் கழிச்சல் நோய்தான் என்று கருதப்பட்டது. போபால் ஆய்வகத்தின் முடிவு வந்ததும் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் லட்சக்கணக்கான கோழிகள் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டன. நாடெங்கும் கோழி, முட்டை விலை சரிந்தது. பல நாடுகள் இறக்குமதிக்குத் தடை விதித்தன. நோயின் சுவடே இல்லாத நாமக்கல்லின் முட்டை ஏற்றுமதியும் பாதிக்கப்பட்டது.

2008 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் நிலைமை இன்னும் கடினமாயிற்று. அங்கு நோய் கண்டது வேலியிட்ட பண்ணைகளில் மட்டுமல்ல; ஏழைகளின் வீட்டு முற்றத்தில் மேயும் நாட்டுக் கோழிகளிலும்தான். சுமார் 40 லட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. வீட்டுக்கு வந்த அரசு ஊழியர்களிடம் கோழிகளை ஒப்படைக்க மறுத்தவர்களும் ஒளித்து வைத்தவர்களும் இருந்தனர். அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. நான்கைந்து கோழிகள்தான் அந்தக் குடும்பத்தின் சேமிப்பு. அவசரத்துக்கு விற்றுக் காசாக்குவது அவற்றைத்தான்.

அழிக்கப்படும் பறவைகளுக்கான இழப்பீட்டை மத்திய, மாநில அரசுகள் சரிபாதியாகப் பகிர்ந்து அளிக்கின்றன. ஆனால், அரசு அழிக்கும் பறவைகளுக்குத்தான் இழப்பீடு; நோயால் ஏற்கெனவே செத்தவற்றுக்கு இல்லை. விரைந்து தகவல் கொடுத்தால் அதிகப் பறவைகளுக்கு இழப்பீடு கிடைக்கும் என்பது இந்த விதியின் தர்க்கம். நடைமுறையில் விவசாயி வேறு கணக்குப் போடுகிறார். தகவல் கொடுத்தால் தன் பண்ணையோடு அண்டை வீட்டாரின் கோழிகளும் அழியும். ஊரார் பகை மிஞ்சும். இழப்பீடு எப்போது வரும் என்று தெரியாது. மீண்டும் குஞ்சு விட மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தகவல் கொடுக்காமல் எஞ்சிய கோழிகளை அவசரமாக விற்றுவிட்டால் கையில் காசு மிஞ்சும். இந்தக் கணக்கு மாறாத வரை எந்தச் சட்டமும் முதல் தகவலை விரைவுபடுத்தாது.

அரசியல் சாசனம் வகுத்த பாத்திகள்

இந்தியாவில் விலங்கு நோய்ப் பிரச்னை துண்டு துண்டாகப் பிரிந்து கிடப்பதற்கு அடிப்படை, அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையிலேயே இருக்கிறது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலின் 6-வது இனம். கால்நடைப் பாதுகாப்பும் விலங்கு நோய்த் தடுப்பும் அதே பட்டியலின் 15-வது இனம். வன விலங்குகள், பறவைகளின் பாதுகாப்பு 1976-ம் ஆண்டின் 42-வது திருத்தத்தின் மூலம் பொதுப் பட்டியலுக்கு மாறியது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு மனிதர், விலங்கு, தாவரங்களைத் தாக்கும் தொற்றுநோய் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலின் 29-வது இனம். மனிதரையும் விலங்கையும் ஒரே வரியில் சேர்த்துப் பேசும் இடம் இதுதான் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்த 29-வது இனம் இடமளித்தும், சட்டங்கள் தனித்தனியாகவே வந்தன. மனிதரின் கொள்ளைநோய்க்கு 1897-ம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டம். விலங்குகளுக்கு, 2005-ல் மசோதாவாக வந்து 2009-ல் நிறைவேறிய விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். விலங்கு நோயுற்றதாகச் சந்தேகம் எழுந்தால் அதன் உரிமையாளர் கிராம அதிகாரியிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும். அவர்கள் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். கால்நடை மருத்துவருக்குப் பிறகு அந்தத் தகவல் கால்நடைத் துறையின் படிகளில்தான் ஏறுகிறது. அதே ஊரின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் தனது காய்ச்சல் கணக்கை வேறொரு படிக்கட்டில் அனுப்புகிறார். இரண்டு படிக்கட்டுகளும் சந்திப்பது பல நேரங்களில் மாநிலத் தலைநகரில். சில நேரங்களில் தில்லியில்.

தில்லியிலும் ஒரே கூரை இல்லை. புணே வைரஸ் ஆய்வு நிறுவனம் சுகாதார அமைச்சகத்தைச் சேர்ந்தது. போபால் ஆய்வகம் வேளாண் அமைச்சகத்தின் ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்தது. கால்நடைப் பராமரிப்புத் துறையோ 2019 முதல் மீன்வளத்துடன் சேர்ந்து தனி அமைச்சகமாகிவிட்டது. வன விலங்குகள் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பொறுப்பு. நாடாளுமன்றத்தில் இதுபற்றிக் கேள்வி எழுப்பும் உறுப்பினருக்கு, எந்த அமைச்சகத்துக்குக் கேள்வியை அனுப்புகிறாரோ அந்தத் துறையின் பங்கு மட்டுமே பதிலாகக் கிடைக்கும். கால்நடை மருத்துவர்களின் பற்றாக்குறையை நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை சுட்டிக்காட்டியுள்ளது. அது மாட்டைப் பற்றிய குறையாகவே வாசிக்கப்படுகிறது. மனிதரின் உடல்நலம் பற்றிய குறையாக அல்ல.

வெக்கை நோய் கற்பித்த பாடம்

இந்தியாவால் இது இயலாத காரியம் அல்ல. ஒரு காலத்தில் கிராமம் கிராமமாக மாடுகளைத் துடைத்தெடுத்த வெக்கை நோயும் வைரஸ் நோய்தான். இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் 1889-ல் புணேயில் ஒரு சிறு ஆய்வகமாகத் தொடங்கப்பட்டு, பின்னர் குமாவோன் மலையில் உள்ள முக்தேஷ்வருக்கு மாற்றப்பட்டதற்கும் அந்த நோயே முதன்மைக் காரணம். தடுப்பூசியோடு நின்றுவிடாமல், நோய் எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று ஊர் ஊராகவும் சந்தை சந்தையாகவும் ஊழியர்கள் தேடிச் சென்றனர். நாட்டின் கடைசி வெக்கை நோய்த் தாக்குதல் 1995-ல் பதிவாயிற்று. 2006-ல் இந்தியா அத்தொற்றிலிருந்து விடுபட்ட நாடாக அங்கீகாரம் பெற்றது. 2011-ல் உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனித முயற்சியால் பூண்டோடு ஒழிந்த இரண்டாவது வைரஸ் நோய் அது. அந்த வெற்றிக்கு அடிப்படை, தகவல் தங்களைத் தேடி வரும் என்று அதிகாரிகள் காத்திராமல், தகவலைத் தேடிச் சென்றதுதான்.

நாகபுரியில் சந்தித்த இரு பாதைகள்

கொரோனா பெருந்தொற்றுக்குப் பிறகு, மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனை ஒன்றாகப் பார்க்கும் "ஒரே சுகாதாரம்" என்ற கொள்கை தில்லியில் வலுப்பெற்றது. பல அமைச்சகங்கள் சேர்ந்து செயல்படும் தேசிய ஒரே சுகாதார இயக்கம் உருவாயிற்று. அதற்கான தேசிய நிறுவனத்துக்கு 2022 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் நாகபுரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் இறுதியில், அதே நாகபுரியின் கோரேவாடா வன விலங்கு மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. காரணம் எச்5என்1 பறவைக் காய்ச்சல் என்று போபால் ஆய்வகம் உறுதி செய்தது. கோழியின் வைரஸ் புலியைக் கொன்றிருக்கிறது. அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் கறவை மாடுகளிலும் இதே வைரஸ் காணப்பட்டது. இந்தியாவில் 2021 ஜூலையில் ஹரியாணாவைச் சேர்ந்த ஒரு சிறுவனும், 2025 மார்ச்சில் ஆந்திரத்தைச் சேர்ந்த இரண்டு வயதுக் குழந்தையும் எச்5என்1 தாக்கி இறந்தனர். எண்ணிக்கை சிறிதுதான். ஆயினும், பறவையிலிருந்து பாலூட்டிக்குத் தாவும் பாதை திறந்திருக்கிறது என்பதற்கு இவை சாட்சியங்கள்.

அடிக்கல்லும் இயக்கமும் அவசியமே. ஆனால், வைரஸுடனான போட்டி தில்லியிலோ நாகபுரியிலோ தொடங்குவதில்லை. செத்த குரங்கைப் பார்த்த விறகு வெட்டி, கோழிகள் துவள்வதைக் கண்ட பண்ணைக்காரர், வழக்கத்துக்கு மாறான காய்ச்சலைக் கண்ட கிராமச் செவிலி ஆகியோரிடம்தான் அது தொடங்குகிறது. வட்டார அளவிலேயே கால்நடை மருத்துவரும் சுகாதார நிலைய மருத்துவரும் வனச்சரகரும் தங்கள் கணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும். தகவல் கொடுத்தவருக்கு இழப்பீடு வாரங்களுக்குள் கைக்கு வர வேண்டும். முதலில் சொன்னவர் முதலில் அழிபவராக இருக்கக் கூடாது.

1957-ல் கியாசனூர் காட்டுக் கிராமத்தினர் எந்த அமைச்சகத்தின் அறிவுரையும் இல்லாமலே, குரங்கின் சாவையும் மனிதரின் காய்ச்சலையும் ஒரே பெயரால் அழைத்தனர். அரசின் கோப்புகள் அந்தத் தெளிவை எட்ட வேண்டியிருக்கிறது.